விவரத்துக்கும் கணக்குக் காட்டுங்கள்: உத்திரமேரூர் வட்டாரத் தொண்டு நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

உத்திரமேரூர், சாலவாக்கம், மானாம்பதி, பெருநகர், களியாம்பூண்டி சுற்றுவட்டாரங்களில் அறக்கட்டளை, சங்கம், குழந்தைகள் இல்லம், முதியோர் இல்லம், மாலைநேரப் படிப்பு மையம், மகளிர் குழுக் கூட்டமைப்பு நடத்துகிற அண்ணன்மார்களே, அக்காமார்களே, அவற்றில் சம்பளத்துக்கும் சம்பளமில்லாமலும் உழைக்கிற தம்பி தங்கைகளே,

உங்களில் பலருடைய அலுவலகத்துக்கு நான் வந்திருக்கிறேன். வரிப் படிவத்தை இணையத்தில் ஏற்ற, ஆண்டறிக்கையைத் தட்டச்சு செய்ய, மக்கர் பண்ணும் கணினியைப் பார்க்க என்று ஏதாவது ஒரு வேலைக்குக் கூப்பிடுவீர்கள். அரசாங்க வண்டி எட்டிப் பார்க்காத குடிசைக்கு நீங்கள் நடந்து போனதைப் பார்த்திருக்கிறேன். விதவைப் பென்ஷனுக்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் பொழுதெல்லாம் நின்றதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் நல்ல மனசைப் பற்றி எனக்குச் சந்தேகமே கிடையாது. அதனால்தான் இதை யாரிடமும் சாடை பேசாமல் உங்களிடமே நேராக எழுதுகிறேன்.

மக்கள் உங்களை நம்பித் தந்த விவரங்களை நீங்கள் காப்பாற்றவில்லை. பெயர், ஆதார் எண், வங்கிக் கணக்கு, கைபேசி எண், நோய், கடன், சாதி, குழந்தையின் முகம், குடும்பத்தின் துயரம் என எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டீர்கள். வாங்கியதை எங்கே வைத்தீர்கள், யார் யார் பார்க்கிறார்கள், எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டால் உங்களில் பெரும்பாலோரிடம் பதில் இல்லை.

நான் பார்ப்பதைச் சொல்கிறேன். அலுவலக மின்னஞ்சலின் பாஸ்வேர்டு, அறக்கட்டளையின் பெயரோடு அது தொடங்கிய ஆண்டைச் சேர்த்தது. கணினித் திரையின் ஓரத்தில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறது. அதே பாஸ்வேர்டுதான் முகநூல் பக்கத்துக்கும், அரசு இணையதளங்களுக்கும். வேலையை விட்டுப் போனவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். ஓ.டி.பி. வருவதோ, எப்போதோ கணக்கு எழுதிக் கொடுத்துவிட்டு இப்போது வேறு ஊரில் இருப்பவரின் கைபேசிக்கு. ஒவ்வொரு முறையும் அவருக்குப் போன் போட்டு, அவர் எண்ணைச் சொல்ல, நீங்கள் உள்ளே நுழைகிறீர்கள். உங்கள் நிறுவனத்தின் சாவி உங்களிடம் இல்லை என்பதை எப்போதாவது நினைத்துப் பார்த்தீர்களா?

களத்துக்குப் போகிற பிள்ளைகள் ஆதார் அட்டையையும் பாஸ்புக்கையும் தங்கள் சொந்தக் கைபேசியில்தான் படம் எடுக்கிறார்கள். அந்தப் படங்கள் வீட்டு விசேஷப் படங்களோடு ஒரே இடத்தில் கிடக்கின்றன. அதே கைபேசியைத்தான் வீட்டில் குழந்தைகள் விளையாட வாங்குகிறார்கள். புதிதாக ஒன்று வாங்கும்போது பழையதைக் கடையில் கொடுத்துவிட்டு வருகிறார்கள். எடுத்த படங்கள் உடனே வாட்ஸ்அப் குழுவுக்கும் போகின்றன. அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தவர் இல்லை. போன வருஷம் விலகிய தன்னார்வலர் இன்னும் இருக்கிறார். ஒரு முறை உதவி செய்த கடைக்காரர் இருக்கிறார். பெயர் போடாத எண்கள் இரண்டு மூன்று இருக்கின்றன.

பட்டியல் அச்சடிக்க வேண்டுமென்றால் எக்செல் கோப்பை அப்படியே பிரவுசிங் சென்டரின் மின்னஞ்சலுக்கு அனுப்புகிறீர்கள். அச்சடித்து முடித்ததும் காசு கொடுத்துவிட்டு வந்துவிடுகிறீர்கள். கோப்பு அந்தக் கணினியிலேயே தங்கிவிடுகிறது. சரியாக விழாத ஜெராக்ஸ் தாள்கள் பழைய பேப்பரோடு எடைக்குப் போகின்றன.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் வருத்துவது உங்கள் முகநூல் பக்கங்கள்தான். ஒரு சிறுமி நோட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி நிற்கிறாள். கீழே அவள் பெயர், வகுப்பு, பள்ளி, ஊர். அதற்கும் கீழே, அப்பா இறந்துவிட்டார், அம்மா செங்கல் சூளையில் வேலை செய்கிறார், பாட்டியோடு தனியே இருக்கிறாள் என்ற குறிப்பு. நன்கொடையாளரின் மனம் இளக வேண்டும் என்று நீங்கள் எழுதினீர்கள். ஆனால் அந்தப் பக்கம் யாருக்கும் திறந்திருக்கிறது. காவலுக்கு ஆளில்லாத ஒரு பெண் குழந்தை எந்த ஊரில், எந்தப் பள்ளியில் இருக்கிறாள் என்பதை அவளுடைய படத்தோடு உலகுக்கே அறிவித்திருக்கிறீர்கள். உங்கள் சொந்த மகளைப் பற்றி இப்படி எழுதிப் போடுவீர்களா?

"எங்களிடம் என்ன இருக்கிறது? பத்து நாற்காலியும் ஒரு பீரோவும்தான். எங்களிடம் யார் வந்து திருடப் போகிறார்கள்?" என்று உங்களில் ஒருவர் கேட்டார். இதை நம் வட்டாரத்தில் பலரும் நம்புகிறார்கள். திருட வருகிறவனுக்கு உங்கள் நாற்காலி வேண்டாம், பட்டியல்தான் வேண்டும். ஒரு மகளிர் குழுவின் பட்டியலில் உறுப்பினர் பெயர், கைபேசி எண், வங்கி, கடன் தொகை, தவணை நாள் எல்லாம் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒருவன் போன் போட்டால், "உங்கள் குழுக் கடனில் இவ்வளவு பாக்கி, இந்தத் தேதியில் கட்டவேண்டும், சரிபார்க்க ஒரு எண் வரும், சொல்லுங்கள்" என்பான். எல்லா விவரமும் சரியாக இருக்கும்போது அந்தப் பெண் எப்படிச் சந்தேகப்படுவாள்? முன்பின் தெரியாதவனை அவளுக்குத் தெரிந்தவனைப் போலப் பேச வைப்பது உங்களிடமிருந்து போன அந்த விவரம்தான்.

கலைஞர் மகளிர் உரிமைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று நம் காஞ்சிபுரத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. தொடங்கியபோது மாதம் 1,000 ரூபாய். நகரத்துக்காரருக்கு அது ஒரு வேளை ஓட்டல் செலவாக இருக்கலாம். நம் ஊரில் அரிசிக்கும் மாத்திரைக்கும் கணக்குப் போட்டு வைத்திருக்கும் பணம். ஒரு பெண்ணின் வங்கிக் கணக்கிலிருந்து ஒரு ஓ.டி.பி.யில் அந்தப் பணம் போய்விட்டால் அவள் காவல் நிலையத்துக்குப் போகமாட்டாள். வீட்டில் திட்டுவார்கள் என்று வெளியே சொல்லவும் மாட்டாள். அதனால் அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் வருவதில்லை. உங்களுக்கும் தெரியவருவதில்லை.

பணம் போனாலாவது ஒரு நாள் திரும்பச் சம்பாதிக்கலாம். நீங்கள் வைத்திருக்கும் சில விவரங்கள் வெளியே போனால் திரும்பச் சம்பாதிக்க ஒன்றுமே இருக்காது. எச்.ஐ.வி. தொற்றோடு வாழும் ஒரு தாயின் பெயர் ஊருக்குள் தெரிந்தால் அவள் பிள்ளைக்குப் பள்ளியில் பக்கத்தில் உட்கார ஆள் இருக்காது. அடித்த கணவனிடமிருந்து தப்பி வந்த பெண்ணின் இன்றைய முகவரி அவனுக்குக் கிடைத்தால் என்ன நடக்கும் என்று நான் எழுதவேண்டியதில்லை.

கொத்தடிமை மீட்பில் வேலை செய்கிறவர்கள் இதை இன்னும் நன்றாக அறிவீர்கள். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டார்கள், இருளர் குடும்பங்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் விழுந்து கும்பிட்ட முதியவரின் படம் நாடு முழுவதும் பரவியது. 1976இலேயே சட்டம் போட்டு ஒழித்ததாகச் சொன்ன ஒரு கொடுமை நம் மாவட்டத்தில் இன்னும் இருக்கிறது என்பதை அந்தப் படம் எல்லோருக்கும் காட்டியது. அதன் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் மீட்கப்பட்டவர்கள் மறுபடியும் இதே மண்ணில், பழைய முதலாளிகளின் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் வாழவேண்டியவர்கள். விடுதலைச் சான்றிதழும், புதிய முகவரியும், சாட்சி சொன்னவரின் பெயரும் ஒரு வாட்ஸ்அப் பகிர்வில் கை மாறினால், அவர்களை மீட்டதற்கு என்ன அர்த்தம்?

உங்களைவிடப் பல மடங்கு பெரிய அமைப்புகளிடமிருந்தே இப்படி விவரம் பறிபோயிருக்கிறது. போரிலும் இடப்பெயர்விலும் பிரிந்த குடும்பங்களைச் சேர்த்துவைக்கும் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவின் கணினிகளுக்குள் 2021 நவம்பரில் யாரோ நுழைந்தார்கள். 2022 ஜனவரியில்தான் அது தெரியவந்தது. சுமார் 70 நாள் உள்ளேயே இருந்திருக்கிறார்கள். காணாமல் போனவர்கள், சிறைப்பட்டவர்கள், அகதிகள் என 5,15,000க்கும் மேற்பட்டோரின் விவரம் அவர்கள் கைக்கு எட்டியது. ஈழத்தில் காணாமல் போன தங்கள் பிள்ளைகளைத் தேடித் தரும்படி நம் உறவுகள் நம்பி விவரம் கொடுத்த அமைப்பு அது. பாதுகாப்புக்கென்றே ஆட்களை வைத்திருந்த அமைப்பும்கூட. கதவு திறந்தது எதனால்? ஒரு மென்பொருளில் இருந்த ஓட்டையை அடைக்க அப்டேட் வெளிவந்திருந்தது. அது உரிய நேரத்தில் போடப்படவில்லை. உங்கள் கணினியில் "அப்டேட் செய்யவா?" என்று கேட்கும்போதெல்லாம் "பிறகு" என்று அழுத்துகிறீர்களே, அதே காரியம்தான்.

2017இல் அமெரிக்காவின் சேவ் தி சில்ட்ரன் அமைப்பில் ஓர் ஊழியரின் மின்னஞ்சலுக்குள் மோசடிக்காரர்கள் புகுந்தார்கள். பாகிஸ்தானில் உள்ள சுகாதார மையங்களுக்குச் சூரிய மின்தகடு வாங்குவதாகப் பொய் பில் தயாரித்து, ஏறக்குறைய 10 லட்சம் டாலரை ஜப்பானில் ஒரு கணக்குக்கு அனுப்ப வைத்தார்கள். அந்த அமைப்பு நெடுங்காலமாகப் பாகிஸ்தானில் வேலை செய்து வந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. காப்பீடு இருந்ததால் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. உங்களுக்கு அப்படி ஒரு காப்பீடு இருக்கிறதா? மாதச் செலவுக்கென்று வைத்திருக்கும் பணம் ஒரு பொய் பில்லில் போனால், அடுத்த மாதம் உங்கள் இல்லத்துக் குழந்தைகளுக்கு யார் சோறு போடுவார்கள்?

நன்கொடை கேட்கும் இடத்தையும் மோசடிக்காரர்கள் விட்டுவைக்கவில்லை. 2020 மார்ச் கடைசியில் கொரோனா நிவாரணத்துக்கென்று பிஎம் கேர்ஸ் நிதி அறிவிக்கப்பட்ட சில நாட்களிலேயே, அதன் யூ.பி.ஐ. முகவரியில் ஓர் எழுத்தை மட்டும் விட்டுவிட்டுப் போலி முகவரி ஒன்று கிளம்பியது. பிரதமர் பெயரில் அறிவித்த நிதிக்கே இந்தக் கதி என்றால், உங்கள் உண்டியல் மேல் ஒட்டிய க்யூ.ஆர். தாளின் மேல் இன்னொரு தாளை ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

நன்கொடையாளரின் விவரமும் உங்களிடம் இருக்கிறது என்பதை மறக்கிறீர்கள். 80ஜி விலக்குப் பெற்ற அமைப்புகள் 2021-22 நிதியாண்டிலிருந்து, கொடுத்தவர் பெயரையும் பான் அல்லது ஆதார் போன்ற அடையாள எண்ணையும் தொகையையும் வருமான வரித் துறைக்கு இணையத்தில் தாக்கல் செய்யவேண்டியதாயிற்று. அதனால் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்து உங்களுக்குப் பணம் அனுப்புகிறவர்களின் பட்டியல், எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கணக்கோடு, உங்கள் மடிக்கணினியில் இருக்கிறது. ஊரில் யாரிடம் பணம் இருக்கிறது, யார் இளகிய மனசுக்காரர் என்று காட்டும் பட்டியல் அது.

இனி இது மனசாட்சியோடு முடிந்துபோகும் காரியமும் இல்லை. 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்தார்கள். விவரம் வாங்கும்போது எதற்காக வாங்குகிறோம் என்று தெளிவாகச் சொல்லி ஒப்புதல் பெறவேண்டும். கேட்பவருக்கு அந்த அறிவிப்பைத் தமிழில் தரவேண்டும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதலைச் சரிபார்க்க வேண்டும். விவரம் கசிந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் சொல்லவேண்டும். தகுந்த பாதுகாப்பு வைக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. இது வருமுன்பே இளைஞர் நீதிச் சட்டம் 2015, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்று சொல்லிவிட்டது. மீறினால் சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. எச்.ஐ.வி. பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டமும் அந்த விவரத்தை வைத்திருப்பவர்கள் அதைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது. நான் இவற்றை எழுதுவது மிரட்ட அல்ல. சட்டத்துக்குப் பயந்து செய்வதைவிட, மக்களிடம் உள்ள மரியாதையால் முன்கூட்டியே செய்துவிடுவது நமக்கு அழகு.

நம் ஊரில் வைகுண்டப் பெருமாள் கோயில் இருக்கிறது. வெளியூர்க்காரர் வந்தால் கூட்டிப்போய்க் காட்டுகிறோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் வெட்டிய கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. தேர்தலை மட்டும் பேசிப் பெருமைப்படுகிறோம். அதில் உள்ள காவலைக் கவனிப்பதில்லை. ஓலைகள் போட்ட குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டவேண்டும். உள்ளே இருப்பது என்ன என்று அறியாத ஒரு சிறுவன்தான் எடுக்கவேண்டும். அவன் தரும் ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்கவேண்டும். மத்தியஸ்தன் வாசித்ததை அங்கிருக்கும் கோயில் பூசகர்களான நம்பிமார் அனைவரும் வாசிக்கவேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி பொறுப்புக்கு வரமுடியாது.

அந்தச் சபையில் பெண்களுக்கு இடமில்லை. நிலமும் வேதப் படிப்பும் இல்லாதவர்களுக்கும் இடமில்லை. இன்று நீங்கள் யாருக்காக உழைக்கிறீர்களோ அவர்கள் எல்லோரும் அன்று வெளியேதான் நின்றிருப்பார்கள். அதை மறைத்துப் பெருமை பேச நான் வரவில்லை. ஆனால் அந்தச் சபையார் ஒன்றைச் சரியாகப் புரிந்துவைத்திருந்தார்கள். பொதுக் காரியத்தில் "அவர் நல்லவர், தப்பு செய்யமாட்டார்" என்பது காவலாகாது. நல்லவருக்கும் ஒழுங்குமுறை வேண்டும். ஒருவர் செய்வதை இன்னொருவர் பார்க்கவேண்டும். முடிவில் கணக்குக் காட்டவேண்டும். பணத்துக்கு நீங்கள் இதைச் செய்கிறீர்கள். வவுச்சர் போடுகிறீர்கள், இரண்டு பேர் கையெழுத்திடுகிறீர்கள், ஆண்டுக்கொரு முறை ஆடிட்டரிடம் போகிறீர்கள். மக்களின் விவரத்துக்கு மட்டும் ஏன் வவுச்சரும் இல்லை, கையெழுத்தும் இல்லை, கணக்கும் இல்லை?

நீங்கள் சொல்லும் காரணங்கள் எனக்குத் தெரியும். "நிதி தருகிறவர்கள் கேட்கிறார்கள், கொடுக்காவிட்டால் அடுத்த தவணை வராது" என்கிறீர்கள். உண்மைதான். பயனாளியின் முகம் தெரிகிற படம், இடம் குறித்த படம், ஆதார் நகல், கைபேசி எண் என்று ஒவ்வொரு நிறுவனமும் கேட்கிறது. அவர்களிடமும் பேசுங்கள். "கையெழுத்துப் பட்டியல் எங்களிடம் இருக்கிறது, வந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள், நகல் அனுப்பமாட்டோம்" என்று ஒரு நிறுவனம் தனியாகச் சொன்னால் கஷ்டம். நம் வட்டாரத்தில் இருக்கும் எல்லோரும் சேர்ந்து ஒரே கடிதத்தில் சொன்னால் கேட்பார்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும்.

"பணம் இல்லை, கணினி தெரிந்த ஆள் இல்லை" என்கிறீர்கள். நான் கேட்பவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் செலவே கிடையாது. பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்களுக்குக் கூகுளும் மைக்ரோசாப்டும் அலுவலக மின்னஞ்சலையும் கோப்பு வைக்கும் இடத்தையும் இலவசமாகவோ சலுகையிலோ தருகின்றன. அந்தச் சலுகையைக் கேட்டு வாங்குவதே பாதி பாதுகாப்பு.

இனி என் வேண்டுகோளுக்கு வருகிறேன்.

முதலில், தேவையில்லாததை வாங்காதீர்கள். மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு எதற்கு ஆதார் நகல்? புடவை கொடுக்கும் விழாவுக்கு எதற்கு வங்கிக் கணக்கு எண்? ஆதார் கட்டாயம் வேண்டுமென்றால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை வாங்குங்கள்; அதை ஆதார் இணையதளத்திலேயே எடுக்கலாம், அவர்களுக்கு எடுத்துக் கொடுங்கள். உங்களிடம் இல்லாத விவரத்தை எவனும் உங்களிடமிருந்து திருடமுடியாது.

இரண்டாவதாக, கதவுகளைப் பூட்டுங்கள். ஒவ்வொருவருக்கும் தனி மின்னஞ்சல், தனி பாஸ்வேர்டு. மின்னஞ்சல், முகநூல், வாட்ஸ்அப் மூன்றுக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இன்றே போடுங்கள். ஓ.டி.பி. வரும் எண் நிறுவனத்தின் பெயரில், நிறுவனத்தின் கையில் இருக்கட்டும். யாராவது வேலையை விட்டால், கடைசிச் சம்பளம் கொடுக்கும் அன்றே அவர் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் குழுவிலிருந்தும் நீக்குங்கள். அது அவரை அவமதிப்பது ஆகாது, நாளை ஒரு தப்பு நடந்தால் பழி அவர் மேல் விழாமல் காப்பது. கல்யாணப் பத்திரிகை, அரசுத் திட்டம் என்று சொல்லிக்கொண்டு வரும் ஏ.பி.கே. என்ற செயலி நிறுவும் கோப்பை யாரும் திறக்கக் கூடாது என்று களப் பிள்ளைகளுக்கு வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மூன்றாவதாக, பணம் போகும் வழியில் இரண்டு பேரை நிறுத்துங்கள். "வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்" என்று எந்த மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ வந்தாலும், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து, அவர் குரலைக் கேட்டுவிட்டுத்தான் அனுப்பவேண்டும். தலைவர் பெயரில் "அவசரம்" என்று வந்தாலும் இதே விதிதான். பணம் வாங்குவதற்கு யூ.பி.ஐ. பின் எண் தேவையில்லை என்பதையும், "டிஜிட்டல் கைது" என்று சட்டத்தில் எதுவும் இல்லை என்பதையும் உங்கள் மகளிர் குழுக் கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவார்கள்.

நான்காவதாக, குழந்தைகளின் பழைய பதிவுகளை நீக்குங்கள். பெயர், பள்ளி, ஊர், குடும்பக் கதை ஆகியவற்றோடு முகமும் சேர்ந்து இருக்கும் ஒவ்வொரு பதிவையும் தேடிப் பிடித்து எடுங்கள். உங்கள் வேலையைக் காட்ட முகம் வேண்டியதில்லை. எழுதும் கைகளைக் காட்டலாம், வகுப்பறையைப் பின்னாலிருந்து காட்டலாம். பெரியவர்கள் என்றால் படத்தைக் காட்டி, இது எங்கெல்லாம் போகும் என்று விளக்கி, சரி என்றால் மட்டும் போடுங்கள். உதவி வாங்கியதால் "வேண்டாம்" என்று சொல்லும் உரிமையை ஒருவர் இழந்துவிடுவதில்லை. வேண்டாம் என்றவருக்கும் அரிசி மூட்டை அதே அளவில் போய்ச் சேரவேண்டும்.

ஐந்தாவதாக, தப்பு நடந்தால் மறைக்காதீர்கள். பணம் போனால் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்தும் வாய்ப்பு அதிகம். நிர்வாகக் குழு கூடட்டும், தலைவர் ஊரிலிருந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். விவரம் வெளியே போனால், யாருடைய விவரமோ அவர்கள் வீட்டுக்கே போய்ச் சொல்லுங்கள். உங்கள் பெயர் கெடும் என்று பயந்து மௌனமாக இருக்கும் ஒவ்வொரு நாளும், எச்சரிக்கை இல்லாத ஒரு பெண்ணிடம் மோசடிக்காரன் பேசிக்கொண்டிருப்பான். தெரிவித்த ஊழியரைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்தவர் சொல்லமாட்டார்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக நான் கேட்பது ஒன்று. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள். யாருடைய என்னென்ன விவரம் நம்மிடம் இருக்கிறது, எதற்காக வாங்கினோம், எங்கே இருக்கிறது, யார் பார்க்கலாம், எப்போது அழிப்போம் என்று ஐந்து கேள்விக்கும் பதில் எழுதி ஒரு விவரக் கணக்குத் தயார் செய்யுங்கள். அதற்குப் பொறுப்பாக ஒருவரையும், அவர் செய்வதைச் சரிபார்க்க இன்னொருவரையும் நியமியுங்கள். இருவரில் ஒருவராவது நீங்கள் உதவி செய்யும் மக்களிலிருந்து வந்தவராக இருக்கட்டும். ஆண்டுக்கொரு நாள் குறித்து, வேலை முடிந்த பட்டியல்களை அழியுங்கள். சட்டம் வைத்திருக்கச் சொல்லும் ஆவணங்களை மட்டும் பூட்டி வையுங்கள்.

பிறகு அந்தக் கணக்கோடு மக்கள் முன் நில்லுங்கள். நம் மாநிலத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. நீங்கள் வேலை செய்யும் ஊராட்சியில் அடுத்து வரும் கூட்டத்தில் ஐந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். யாருடைய பெயரையும் சொல்லாமல், "உங்களிடமிருந்து இந்த இந்த விவரம் வாங்கினோம், இதற்காக வாங்கினோம், இப்படி வைத்திருக்கிறோம், வேண்டாம் என்றால் அழித்துவிடுகிறோம்" என்று தமிழில், அவர்களுக்குப் புரியும்படி சொல்லுங்கள். கேள்வி கேட்டால் பதில் சொல்லுங்கள். பதில் தெரியாவிட்டால் அடுத்த கூட்டத்தில் சொல்வதாக ஒப்புக்கொள்ளுங்கள்.

பாஸ்வேர்டு மாற்றவோ, கோப்புகளைப் பிரிக்கவோ, ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவோ ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள். காசில்லாமல் வந்து செய்து தருகிறேன். என்னைப் போலக் கணினி தெரிந்த பிள்ளைகள் நம் ஊர்களில் இன்னும் பலர் இருக்கிறார்கள், அவர்களையும் சேர்த்துக்கொண்டு வருகிறேன். ஆனால் தீர்மானத்தை நீங்கள்தான் போடவேண்டும். மக்கள் விவரத்தைக் கொடுத்தது உங்களிடம். கணக்குச் சொல்லவேண்டியவர்களும் நீங்கள்தான். அடுத்த கிராம சபைக்குள் அதைச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் உழைப்பின் மேல் மதிப்புள்ள ஓர் ஊர்க்காரி
உத்திரமேரூர்